மலை ரோட்டுக்கு ஏற்ற ஷொக்

என் காரில் யார் ஏறினாலும் முதல் பள்ளம் வந்ததும் ஒரே கேள்விதான். "என்னக்கா, ஷொக் கல்லு மாதிரி இருக்கு?" சிலர் அதை மெச்சிச் சொல்வார்கள், சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: "மலை ரோட்டுக்கு இதுதான் சரி." அது என் வார்த்தை இல்லை, என் வீட்டுக்காரர் இவருடையது. இவர் இப்போது இல்லை. கார் இருக்கிறது, ஷொக்கும் இருக்கிறது.

எங்கள் வீடு கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில், தேயிலை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே. இவர் தோட்டத்து லொறி ஓட்டியவர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டுகூட அந்த வளைவுகளில் இறங்குவேன் என்று பெருமையடிப்பார். நான் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வரிசையில் நிற்காமல் முன்னால் நுழைகிற பெரிய மனிதர்களைப் பின்னால் அனுப்புவதுதான் என் பிழைப்பு. கார் ஓட்ட எனக்குப் பழக்கியவரும் இவர்தான். பழக்கினார் என்பதைவிடத் திட்டினார் என்பது சரியாக இருக்கும். கிளச்சை விடுகிற விதத்தைப் பார்த்து, "நீ கந்தோர்ல சீல் குத்துற மாதிரி குத்துற" என்பார்.

முதுகு வலி என்று ஆரம்பித்தது. லொறிக்காரருக்கு முதுகு வலிப்பதில் என்ன அதிசயம் இருக்கிறது, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோதுதான், நோய் வேறோர் இடத்தில் ஆரம்பித்து முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார்கள். அந்த வருத்தத்தின் பெயரை எங்கள் ஆட்கள் வாயால் சொல்வதில்லை. டொக்டர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட, நாங்கள் இருவரும் வெளியே இருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தோம். இவர் சொன்ன முதல் வார்த்தை, "யாருக்கும் சொல்லக் கூடாது. மகளுக்கும்தான்." மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். அவளுக்கும் ஊருக்கும் இடுப்புப் பிடிப்பு என்று சொல்வதாக அந்த வாங்கிலேயே முடிவானது.

நான் மறுத்துப் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வருத்தம் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் பார்க்கிற பார்வையிலேயே ஆளைப் பாதி புதைத்துவிடுவார்கள். பிஸ்கட் பெட்டியோடு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "நல்ல மனுசன்" என்பார்கள். இருக்கிற ஆளைப் பற்றி இல்லாத ஆளைப் போலப் பேசுவார்கள். இவர் அதைப் பல வீடுகளில் பார்த்தவர். நானும் பார்த்திருக்கிறேன்.

முதுகுக்குக் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது மெசினில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்ச வேண்டும், வார நாட்களில் தினமும் கொண்டு வர வேண்டும், இடையில் விடக் கூடாது என்றார்கள். நோயைத் தீர்க்க இல்லை, வலியைக் குறைக்க. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் பெரிய தூரம் இல்லை, மலையிலிருந்து இறங்கினால் ஆஸ்பத்திரிதான். ஆனால் மேல்பாதி ரோடு தோட்டத்து ரோடு. மழைக்குக் கரைந்து, கல் கிளம்பி, எங்கே பள்ளம் எங்கே ரோடு என்று தெரியாது. எங்கள் சின்னக் காரின் நான்கு ஷொக்கும் செத்துப்போயிருந்தன.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளத்தில் விழுந்தால் காரைத் தாங்குவது ஸ்பிரிங். தாங்கிவிட்டுச் சும்மா இருக்காது, குதித்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. முன்சக்கரங்களில் அது ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு தூணாக நிற்கும், ஸ்ட்ரட் என்பார்கள். கடைக்காரர்களுக்கு எல்லாம் ஷொக்தான். ஷொக் செத்த காரில் ஒரு பள்ளத்தில் விழுந்தால், அந்தப் பள்ளத்தைத் தாண்டிய பிறகும் விழுந்துகொண்டே இருப்போம்.

இவரைப் பின் சீட்டில் படுக்க வைத்து, சுற்றிலும் தலையணை அடைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். கத்தல் என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய ஆள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டால் வருகிற சத்தம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதால் பள்ளம் தெரியாது, பள்ளம் தெரியாவிட்டால் இன்னும் மோசமாக விழுவோம், ஆகவே அழவும் வழியில்லை. முதல் வாரம் வியாழன் வரை வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் வரல்ல. அந்த மெசினு ஒண்ணும் பண்ணல. இந்த ரோட்டத்தான் தாங்க முடியல."

வாடகைக்கு வான் பிடிக்கிறேன் என்றேன். வேறு டிரைவர் முன்னால் அந்தச் சத்தம் போட மாட்டாராம். வார்டில் சேர்ந்துவிடுங்கள் என்றேன். வார்டில் தெரிந்த முகம் யாராவது இருக்குமாம். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன். திங்கட்கிழமை கட்டாயம் கொண்டு வாருங்கள், இப்படி விட்டு விட்டு வைத்தால் பிரயோசனம் இல்லை என்றார்கள். எனக்குக் கையில் சனியும் ஞாயிறும் இருந்தன. ரோட்டை என்னால் மாற்ற முடியாது. இவரை மாற்றுவது அதைவிடக் கஷ்டம். மாற்றக்கூடியது ஷொக் ஒன்றுதான் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலையில் டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை கடையாக ஏறினேன். எல்லாக் கடையிலும் முதலில் என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆணைத் தேடினார்கள். யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் என்னிடம் பேசினார்கள். ஒருவர், ஜப்பானில் ஓடிக் கழற்றினதுதான் தங்கம், புதுசெல்லாம் குப்பை என்றார். பக்கத்துக் கடைக்காரர், அந்தத் தங்கம் கப்பலில் வரும்போதே எண்ணெய் கசிந்திருக்கும், புதுசையே போடுங்கள் என்றார். மூன்றாவது கடையில், இருக்கிற ஷொக்கையே கழற்றிக் கொண்டு வாருங்கள், எண்ணெய் மாற்றி ரீகண்டிஷன் பண்ணித் தருகிறோம் என்றார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைத் திருடன் என்றார். எனக்கு எல்லோரும் சொல்வது சரியாகவே பட்டது. ஆனால் என்ன, என் காரின் மொடலுக்கு டவுனில் ஒன்றும் இருக்கவில்லை. அலவத்துகொடயில் ஒரு கடையில் இருக்கும் என்று அனுப்பினார்கள்.

அந்தக் கடைக்காரர் தாடி நரைத்த முஸ்லிம் மனிதர், அண்ணன் முறையில் நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்க தங்கச்சி. மாப்புள வரல்லையா?"

"அவருக்கு இடுப்புப் பிடிப்பு நானா. நான்தான் கார் ஓட்டுறேன்."

"சரி, என்ன மாதிரி சாமான் வேணும்?"

"மெதுவா இருக்கணும். ஆடக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது. உள்ள இருக்கிற ஆளுக்கு ரோடே தெரியக் கூடாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன, முட்டையா ஏத்தப் போறீங்க?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் சிரித்திருக்க மாட்டார், உள்ளதில் நல்லதை எடுத்து என் கையில் தந்து இவருக்காக இறைவனிடம் ஒரு துஆவும் கேட்டிருப்பார். ஆனால் அலவத்துகொடயில் சொன்னது, நான் வழியில் அகுறணையைத் தாண்டுவதற்குள் கண்டிக்கு வந்துவிடும். நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் இரண்டு வகையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "இது கேஸ் ஷொக். ஹந்தானை, கலஹா பக்கத்து ஆக்கள் எல்லாரும் இதத்தான் எடுக்கிற. கல்லு மாதிரி ஈக்கும். இது எண்ணெ ஷொக். மெத்த மாதிரி. ஆனா ஆள் ஏறினா காரு பதியும், அடி தட்டும். டவுனுக்குள்ள ஓடுற ஆக்களுக்குத்தான் இது சரி."

இரண்டையும் மேசையில் நிறுத்தி அமுக்கிப் பார்க்கச் சொன்னார். கேஸ் ஷொக்கை என் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினேன், அசையவே மாட்டேன் என்றது. எண்ணெய் ஷொக் அமுக்கியதும் சாதுவாக இறங்கி, சாதுவாக ஏறியது. எனக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

"இதையே தாங்க நானா."

"அவசரப்படாதீங்க. ரெண்டு செட்டையும் கொண்டு போங்க. மெக்கானிக் பாஸ் பாத்து சொல்லட்டும். சரியானதப் பூட்டிப்போட்டு மத்தத பெட்டி கிழியாம கொண்டு வந்து தாங்க." எங்கள் பக்கத்தில் வியாபாரம் அப்படித்தான். முகம் பார்த்தே நம்பிச் சாமானைக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வெளியே சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை. அவரே இரண்டு செட்டையும் தூக்கிக் காரில் வைத்தார். அந்த நல்ல மனம்தான் எனக்கு வினையாக வந்தது.

பூட்டுவதற்கு இவருக்குத் தெரிந்த ஒரே இடம் பிலிமத்தலாவையில் இருக்கிற கராஜ். அந்தப் பாஸும் எங்கள் ஆள்தான், தோட்டத்திலிருந்து போய்த் தொழில் பழகியவர், இவருடைய லொறியைப் பல காலம் பார்த்தவர். நான் மட்டும் காரைக் கொண்டு போகிறேன் என்றேன். இவர் விடவில்லை. கராஜில் காரைத் தனியே விட்டால் நல்ல சாமானைக் கழற்றிப் பழையதைப் பூட்டிவிடுவார்கள் என்பது லொறிக்காரர்களின் வேதம், பாஸ் கூடப் பிறந்தவனாக இருந்தாலும் சரி. ஞாயிறு காலை பின் சீட்டில் தலையணையோடு ஏறிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்ற ஆள், கராஜுக்கு வருவதற்கு முகச்சவரம்கூடச் செய்துகொண்டார்.

கராஜ் வாசலில் காரை நிறுத்தியதும் பின்னால் எழுந்து உட்கார்ந்து தலை சீவினார். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாஸ் ஓடி வந்தார்.

"வாங்கண்ணே, வாங்க! இடுப்பு எப்புடி?"

"இப்ப பரவால்ல. பொம்பள ஓட்டுற கார்ல வந்தா யாருக்குத்தான் இடுப்பு நிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் வாகனங்களுக்காகக் காத்திருந்த நாலைந்து ஆண்கள் அங்கே நின்றார்கள். ஒரு கார் கராஜுக்கு வந்துவிட்டால் அது ஊர்ச் சொத்து. ஒருவர் பின் ஒருவராக வந்து காரின் மூலையில் கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கி, அது குதிப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். "செத்துருச்சு" என்றார் ஒருவர். "எப்பயோ செத்துருச்சு" என்றார் இன்னொருவர். இவருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, பழைய லொறிக் கதைகளை எடுத்துவிட்டார். மாதக்கணக்கில் நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை. ஆளுக்கு ஒன்றுமே இல்லை என்று நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

பாஸ் இரண்டு செட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார்.

"அண்ணே, அக்கா ரெண்டு வகை கொண்டாந்திருக்காங்க. எதப் போடுறது?"

"மெதுவானதப் போடுங்க," என்றேன் நான்.

பாஸ் என்னைப் பார்த்துத் தன்மையாகச் சிரித்தார். "அக்கா, இது டவுனுக்குள்ள ஓடுற காருக்கு. ஒங்க ரோட்டுல இதப் போட்டா அடி போயி கல்லுல இழுபடும். அப்பறம் என்னயத்தான் ஏசுவீங்க. அண்ணே, நீங்க சொல்லுங்க. லொறி ஓட்டுன ஆளு நீங்க."

எல்லா முகமும் இவர் பக்கம் திரும்பியது. இவர் குனிந்து ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தார். குனிவது எவ்வளவு வலி என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். என் வாயில் ஒரு வசனம் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பாஸ் மறு பேச்சில்லாமல் மெதுவானதைப் பூட்டியிருப்பார், அங்கே நின்றவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தியிருப்பார்கள். அந்த வசனம் எனக்கு வரப்போகிறது என்று இவருக்கும் தெரிந்தது. சொல்லாதே என்று அந்தப் பார்வை சொன்னது. மிரட்டவில்லை. அதுவரை என்னிடம் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

"கல்லு மாதிரி இருக்கிறதையே போடு," என்றார் பாஸிடம். "மலை ரோட்டுக்கு அதுதான் சரி."

"அப்புடிச் சொல்லுங்கண்ணே," என்றார் பாஸ். அனுபவம் பேசுது என்று ஒருவர் தலையாட்டினார்.

கந்தோரில் யாருக்கும் பயப்படாத நான், கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அங்கே நிற்க முடியாமல் எதிரே தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்து, குடிக்க மனமில்லாத தேத்தண்ணியை வாங்கி ஆற வைத்தேன். மனதுக்குள் இவரை என்னென்ன ஏசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஜாக்கியில் கார் உயர்ந்தது, பழைய ஷொக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று எண்ணெய் வழிய வந்தன, புதியவை ஏறின. இவர் கதிரையில் இருந்தபடியே நட்டை இறுக்குவதற்குக்கூட யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கண்டி ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஹந்தானைக்கு ஏறி, தார் முடிந்து முதல் பள்ளத்தில் விழுந்தபோது தெரிந்தது. கார் குதிக்கவில்லை. ஒரே குத்து. அடியிலிருந்து நேராக முதுகுக்கு ஏறுகிற குத்து. என் பல்லே கடிபட்டது. பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு ஒரு மெல்லிய குரல் வந்தது. "பாத்தியா, காரு எப்புடிப் பிடிச்சு நிக்குது."

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்க வைத்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"இப்பவே திரும்பப் போறேன். நான் மட்டும் போயி, மெதுவானதப் பூட்டிட்டு வந்துர்றேன்."

"ஒனக்குப் பைத்தியமா? பாஸ் என்னா நெனைப்பான்?"

"பாஸ் என்னா நெனைச்சா எனக்கென்னா? பாஸுக்கா முதுகு வலிக்குது?" நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது.

இவர் கூரையைப் பார்த்தபடியே பேசினார். "அங்க இருந்த நேரம் எல்லாரும் என்னைய ஒரு ஆளா மதிச்சுக் கேட்டானுங்க," என்றார். "திரும்பப் போயி, அவருக்கு மெத்தையப் பூட்டுங்கன்னு சொல்லப் போறியா? சொல்லு. போய்ச் சொல்லு." கண்ணீர் ஓரமாக வழிந்து காதுக்குள் போனது. நான் துடைத்துவிட்டேன். மெதுவான செட் பெட்டி கிழியாமல் அடுத்த சனிக்கிழமை அலவத்துகொடக்குத் திரும்பிப் போனது. "நான் சொன்னேன்தானே தங்கச்சி," என்று அந்த நானா சந்தோசப்பட்டார்.

திங்கட்கிழமை காலையில் நான் எழும்பும்போது இவர் சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று இரவெல்லாம் நினைத்தது வீண். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரோட்டைச் சாட்டி வராமல் இருக்க இவருக்கு இனி வழியில்லை. ஷொக் புதுசு, அதுவும் நாலு பேர் பார்க்க இவரே தெரிவு செய்தது. எந்த மெதுவான ஷொக்காலும் செய்ய முடியாததை அந்தக் கல்லு ஷொக் செய்துவிட்டது. சந்தோசப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பின் சீட்டில் தலையணை அடுக்கப் போனேன். "அதெல்லாம் எதுக்கு?" என்று முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

நான் ஊர்ந்து ஊர்ந்து இறங்கினேன். ஒவ்வொரு குத்துக்கும் இவருடைய கால் பெருவிரல் செருப்புக்குள் மடங்குவது தெரிந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வியர்வையை மட்டும் மறைக்க முடியவில்லை. ஒரு வழியாகத் தார் ரோட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியை நெருங்கினோம். அங்கே வேகத்தைக் குறைப்பதற்காக ரோட்டின் குறுக்கே ஒரு மேடு போட்டிருக்கிறார்கள். மற்ற வாகனங்களுக்கு அது ஒன்றுமே இல்லை. என் கால் தானாகப் பிரேக்கில் போய்விட்டது. கார் மேட்டுக்கு முன்னால் நின்றது. அதன் மேல் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, அதற்குப் பின்னால் த்ரீவீல்கள் அடித்தன. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன் நின்னுட்ட?" என்றார். "போ. புது ஷொக்கு தானே போட்டிருக்கு."

கிளச்சை விட்டேன். முன்சக்கரம் ஏறி இறங்கியது, பிறகு பின்சக்கரம். இவர் உடம்பு முழுக்க ஒரு தரம் விறைத்து, பிறகு தளர்ந்தது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்திருந்துவிட்டு, மெல்ல விட்டார்.

"பாத்தியா? ஒண்ணுமே தெரியல."

கரண்ட் வைத்து முடிகிற வரைக்கும் ஒரு நாள்கூட வர மாட்டேன் என்று சொல்லவில்லை. தினமும் அந்த மேட்டைத் தாண்டியதும் இதையே சொன்னார். நானும் அந்த முதல் நாள் சொன்னதையே தினமும் சொன்னேன்.

"ஆமாங்க. ஒண்ணுமே தெரியல."